செம்மண்ணும் துருவும் ஒரே நிறம்

எங்கள் பக்கத்து மண்ணை வெள்ளைத் துணியால் ஒருமுறை துடைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தச் சிவப்பு லேசில் போகாது. காரைக்குடியிலிருந்து பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கமெல்லாம் மேலே செம்மண், பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே செம்புறாங்கல். கோடையில் புழுதியாகப் பறந்து ஜன்னல் கம்பியிலும் நிலைக்கதவின் செதுக்கலிலும் படியும். மழை பெய்தால் குழம்பாகி வண்டியின் அடிவயிற்றில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் ஜீப்பின் ப்ரொபெல்லர் ஷாஃப்டில் (என்ஜினின் சுழற்சியை அச்சுக்குக் கொண்டுபோகும் குழாய்) வந்த துருவை, இந்த மண்ணின் நிறம்தான் பத்து நாள் என் கண்ணுக்கு மறைத்தது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டு ஜீப் அப்பச்சி வாங்கியது. (எங்கள் வழக்கில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்.) டீசல் வண்டி. குட்டைச் சட்டம் (சேஸிஸ்), பட்டை ஸ்பிரிங், நான்கு சக்கரத்துக்கும் இழுவை உண்டு. வாரத்தில் மூன்று நாள் அதில்தான் தோப்புக்குப் போய் வருகிறேன். தார்ச்சாலை முடிந்த பிறகு வண்டிப்பாதை, அப்புறம் கண்மாய்க் கரையில் ஒரு ஏற்றம், அந்தப் பக்கம் இறங்கினால் தோப்பு. ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பாதையில் வேறு வண்டி போகாது.

அப்பச்சி இருந்தவரை அமாவாசைக்கு அமாவாசை ஜீப்புக்கு அடியில் படுப்பார். அன்று தோப்பில் வேலை இருக்காது. பழைய கோரைப்பாய் ஒன்று, கிரீஸ் கன், ஒரு வாளித் தண்ணீர், வேட்டித் துணி. அரை மணி நேரத்தில் எழுந்து வந்து கையைச் சீயக்காய் போட்டுக் கழுவுவார். அவர் அடியில் என்ன பார்க்கிறார் என்று நான் கேட்டதே இல்லை. அவர் போன பிறகு கிரீஸ் கன் வீட்டுப் பட்டாசாலைப் பக்கத்து அறையில் அப்படியே தொங்கியது. நான் என்ஜின் ஆயில் மாற்றினேன், டயர் மாற்றினேன், பிரேக் பார்த்தேன். அடியில் படுக்கவில்லை.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் அந்த ஷாஃப்ட் என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். என்ஜினின் சுழற்சி கியர்பாக்ஸுக்கு வருகிறது. நான்கு சக்கர வண்டியில் அதற்கு ஒட்டினாற்போல் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று இன்னொரு பெட்டி. அதிலிருந்து பின் அச்சுக்கு ஒரு இரும்புக் குழாய், முன் அச்சுக்கு ஒரு இரும்புக் குழாய். இவைதான் ப்ரொபெல்லர் ஷாஃப்ட். பெட்டி சட்டத்தில் அசையாமல் நிற்கிறது. அச்சோ ஸ்பிரிங்கில் ஏறி இறங்குகிறது. இரண்டையும் இணைக்கும் குழாய் மடங்கவும் வேண்டும், நீளவும் குறையவும் வேண்டும், சுற்றிக்கொண்டே இருக்கவும் வேண்டும். மடங்குவதற்காக இரண்டு முனையிலும் சிலுவை வடிவில் ஒரு எஃகுத் துண்டு இருக்கிறது. பட்டறையில் அதைக் ‘கிராஸ்’ என்பார்கள். நீண்டு குறைய, பல் வெட்டிய ஸ்லிப் ஜாயின்ட். கிராஸின் நான்கு கால்களிலும் நான்கு கப். ஒவ்வொரு கப்புக்குள்ளும் தீக்குச்சித் தடிமனில் எஃகு ஊசிகள் வட்டமாக அடுக்கியிருக்கும்.

அந்த ஊசிகளைக் கையில் கொட்டிப் பார்த்த நாளில் எனக்கு ஒன்று விளங்கியது. சக்கரத்து பேரிங்கில் உருளைகள் முழுச் சுற்று சுற்றும். தேய்மானம் எல்லா இடத்துக்கும் பரவும். கிராஸில் அப்படி இல்லை. கப் இந்தப் பக்கம் சில டிகிரி, அந்தப் பக்கம் சில டிகிரி ஆடுகிறது, அவ்வளவுதான். ஊசிகள் அதே இடத்தில் முன்னும் பின்னும் தேய்க்கின்றன. கிரீஸ் இருந்தால் பல வருஷம் தாங்கும். கிரீஸ் வற்றினால், தண்ணீர் புகுந்தால், ஒவ்வொரு ஊசியும் தன் கீழே ஒரு கோடு கிழிக்கத் தொடங்கும். கழற்றிய கிராஸின் காலில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் எங்காவது தட்டினால் அந்தக் கிராஸ் முடிந்தது. கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரிந்தாலும் திரும்ப மாட்டக் கூடாது.

சரி, நடந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் புரட்டாசிக் கடைசியில் வண்டியில் ஒரு சத்தம் வந்தது. மெதுவாகப் போகும்போது அணில் கத்துவது மாதிரி, கீச்... கீச்... கீச் என்று சீரான இடைவெளியில். வேகம் கூடினால் கத்தலும் நெருங்கியது. கிளட்சை மிதித்து உருட்டினாலும் நிற்கவில்லை. அதாவது, என்ஜினோடு அதற்குச் சம்பந்தமில்லை, சக்கரம் உருளும் வேகத்தோடுதான் சம்பந்தம். அது எனக்கு அன்று தெரியாது. ஏதோ பலகை ஸ்குரூ தளர்ந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். ஐப்பசி மழை தொடங்கியது. பாதையில் முழங்கால் தண்ணீர். ஒரு நாள் தண்ணீரில் இறங்கி ஏறினேன், கீச்சொலி போய்விட்டது. தானாகச் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். காய்ந்து கிடந்த ஊசிகள்மேல் தண்ணீர் பட்டதால் சத்தம் மட்டும் அடங்கியிருக்கிறது. உள்ளே நிலைமை இன்னும் மோசமாகிக்கொண்டிருந்தது.

அடுத்த அறிகுறி ‘டொக்’. வண்டியை ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றிக் கிளட்சை விடும்போது அடியில் யாரோ சுத்தியலால் ஒரு தட்டு தட்டின மாதிரி. ஆக்ஸிலேட்டரை விட்டு மறுபடி மிதித்தாலும் ஒரு தட்டு. பழைய ஜீப் என்றால் நாலு சத்தம் இருக்கத்தான் செய்யும் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். ஒருநாள் டயர் பஞ்சர். ஜாக்கி போடக் குனிந்தபோது பின் ஷாஃப்டின் கடைசியில், கப்பைச் சுற்றி, சிவப்பாகத் தூள் படிந்திருந்ததைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதை அழுத்திச் சொல்கிறேன். என் கண்ணால் பார்த்துவிட்டு, நம் ஊர் மண்தானே என்று டயரை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

பத்து நாள் கழித்துக் கண்மாய்க் கரை ஏறும்போது உடைந்தது. மேலே ஏற இன்னும் இரண்டு வண்டி நீளம் இருந்தது. ‘டமார்’ என்று ஒரு சத்தம், தரைத்தகட்டில் இடியாக அடிகள், என்ஜின் மட்டும் வெறுமனே உறுமுகிறது, வண்டி நகரவில்லை. அடுத்த நொடி பின்னோக்கி உருளத் தொடங்கியது. கைபிரேக்கை முழுக்க இழுத்தேன். நிற்கவில்லை. கால்பிரேக்கை மிதித்த பிறகுதான் நின்றது. பின்னால் உட்கார்ந்து வந்த வேலையாள் தம்பி குதித்து, பெரிய செம்புறாங்கல் ஒன்றைப் புரட்டிச் சக்கரத்துக்குக் கீழே தள்ளினான். அது வரை என் கால் பெடலை விட்டு எடுக்கவில்லை. கீழே கண்மாய் நிறையத் தண்ணீர்.

கைபிரேக் ஏன் பிடிக்கவில்லை என்பதைப் பழைய ஜீப் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். இன்றைய கார்களில் கைபிரேக் பின் சக்கரங்களில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் கால ஜீப்பின் வழியில் வந்த பல பழைய வண்டிகளில் அது சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம், ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் ஒரு டிரம். அது ஷாஃப்டைப் பிடிக்கிறது, ஷாஃப்ட் சக்கரத்தைப் பிடிக்கிறது. நடுவில் ஷாஃப்ட் அறுந்தால் கைபிரேக் காற்றைப் பிடிக்கிறது. கியரில் போட்டு நிறுத்தினாலும் இதே கதை. ஷாஃப்டைக் கழற்றி வேலை பார்க்கும்போதும் இதே ஆபத்து. சமதரையாகத் தெரியும் இடத்திலும் வண்டி நகரும், அடியில் ஆள் படுத்திருப்பார். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்காமல் யாரும் ஷாஃப்ட் போல்ட்டில் ஸ்பேனர் போடக் கூடாது. இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

பட்டறை பாய்க்குப் போன் செய்தேன். டிவிஎஸ் 50-இல் ஸ்பேனர் பையோடு வந்தார். அப்பச்சி காலத்திலிருந்து எங்கள் வண்டி பார்ப்பவர். முதலில் நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்தார். பிறகு அடியில் போய், தொங்கிய ஷாஃப்டை இழுத்து வெளியே போட்டார். பின் அச்சுப் பக்கத்துக் கிராஸின் ஒரு கால் முறிந்திருந்தது. கப் ஒன்றைக் காணவில்லை.

“ஆச்சி, இதச் சுத்தி செவப்பா இருந்துச்சா?”

“இருந்துச்சு பாய். மண்ணுன்னு நெனச்சேன்.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. உடையாமல் இருந்த இன்னொரு கப்பின் விளிம்பில் விரலை வைத்துத் தேய்த்து என் கையில் தடவினார். பக்கத்தில் கரையிலிருந்து கொஞ்சம் மண்ணை எடுத்து அதையும் தடவினார். “தேச்சுப் பாருங்க.”

நிறத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. தேய்த்தபோதுதான் தெரிந்தது. மண் நறநறவென்றது. துரு மாவு குங்குமம் மாதிரி நைஸாக வழுக்கியது, விரல் ரேகைக்குள் போய் உட்கார்ந்தது, மோந்தால் இரும்பு வாடை. கிரீஸ் இல்லாத ஊசிகள் எஃகை எஃகால் அரைத்து, அந்த அரைத்த மாவு கப்பின் ரப்பர் சீலைத் தாண்டி வெளியே வந்திருக்கிறது. படிந்திருக்கும் விதமும் வேறு. மண் எல்லா இடத்திலும் அப்பியிருக்கும். துரு, கப்பின் விளிம்பிலிருந்து மட்டும் கிளம்பி, சுற்றும் வேகத்தில் வெளிப்பக்கமாகக் கோடு கோடாகச் சிதறியிருக்கும். கரிசல் பூமியில் இருப்பவர்களுக்கு இது பளிச்சென்று தெரிந்துவிடும். எங்கள் ஊரில் கழுவினால்தான் தெரியும். இப்போது நான் செய்வது இதுதான்: அடியைத் தண்ணீர் அடித்துக் கழுவுகிறேன், தார்ச்சாலையில் மட்டும் ஒருநாள் ஓட்டுகிறேன், மறுநாள் குனிந்து பார்க்கிறேன். மண் இல்லாத சாலையில் ஓடிய பிறகும் கப்பைச் சுற்றிச் சிவப்பு வந்திருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

அன்று வீட்டுக்கு வந்த விதத்தையும் சொல்ல வேண்டும், யாருக்காவது உதவும். பின் ஷாஃப்ட் முழுசாக வெளியே வந்த பிறகு பாய் நான்கு சக்கர லிவரைப் போட்டார். இப்போது இழுவை முன் ஷாஃப்ட் வழியாக முன் சக்கரங்களுக்கு மட்டும். எங்கள் வண்டியில் முன் ஹப் (சக்கரத்தை அச்சோடு இணைக்கும் நடுப்பகுதி) எப்போதும் பூட்டியே இருக்கும். கையால் பூட்டும் ஹப் உள்ள வண்டியில் அதையும் பூட்ட வேண்டும். லிவர் போட்டதும் கைபிரேக்கும் முன் ஷாஃப்ட் வழியாகப் பிடிக்கத் தொடங்கியது. ஏற்றத்தில் முயற்சி செய்யாமல் வண்டியைப் பின்னோக்கி இறக்கி, முதல் இரண்டு கியரில் ஊர்ந்து வந்து சேர்ந்தோம். உடைந்த ஷாஃப்டைத் துணிக்கயிற்றால் கட்டித் தூக்கிக்கொண்டு ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள். அவிழ்ந்தால் எங்கே போய் அடிக்கும் என்று சொல்ல முடியாது. என் வண்டியில் பின்முனை உடைந்ததால் ஷாஃப்ட் இழுபட்டுக்கொண்டு கிடந்தது. பின் ஷாஃப்டின் முன்முனை உடைந்து விழுந்திருந்தால், முன்னோக்கி ஓடும் வேகத்தில் அது தரையில் குத்தி நின்று வண்டியையே நெம்பித் தூக்கியிருக்கும்.

புதுக் கிராஸ் மாட்டும்போது பக்கத்திலேயே நின்று பார்த்தேன். வேலை சின்னதுதான், ஆனால் பொறுமை வேண்டும். கப்பை அழுத்தும்போது ஒரே ஒரு ஊசி சாய்ந்து அடியில் குறுக்கே விழுந்தாலும் கப் முழுசாக உள்ளே போகாது, அதைப் பிடித்து நிறுத்தும் வளையமான சர்க்கிளிப் அதன் பள்ளத்தில் உட்காராது. அவசரக்காரர்கள் அங்கே சுத்தியலை எடுப்பார்கள். பாய் கப்பை வெளியே எடுத்து, ஊசிகளைக் கிரீஸால் ஒட்டி நிறுத்தி, வைஸில் வைத்து மெல்ல மெல்ல அழுத்தினார். முடிந்ததும் கிராஸைக் கையால் எல்லாப் பக்கமும் ஆட்டிப் பார்த்தார். ஒரு இடத்தில் கொஞ்சம் பிடித்தது. கிராஸைப் பிடித்திருக்கும் கவையான யோக்கின் காதில் லேசாக ஒரு தட்டு, இளகிவிட்டது. “கைக்குப் பிடிச்சா, வண்டிக்குக் கடிக்கும்” என்றார்.

அதற்கு அடுத்த வருஷம் வந்த கோளாறு வேறு மாதிரி. பாய் ஊரில் இல்லாத சமயம், வண்டியை வேறோர் இடத்தில் சர்வீசுக்கு விட்டேன். நல்ல பையன்கள், அக்கறையாகத்தான் செய்தார்கள். பின் ஷாஃப்டைக் கழற்றி, ஸ்லிப் ஜாயின்டைப் பிரித்து, டீசலில் கழுவி, புதுக் கிரீஸ் போட்டு மாட்டியிருக்கிறார்கள். திருச்சி சாலையில் 45-ஐத் தாண்டியதும் சீட் அடியில் நடுங்கத் தொடங்கியது. ஸ்டீயரிங் அமைதியாக இருந்தது. தரையும் சீட்டும் மட்டும் ‘ம்ம்ம்’ என்று அதிர்ந்தன. 60-இல் பின்கண்ணாடியில் எதுவும் தெரியவில்லை.

இந்த இடத்தில் ஒரு கணக்கு உதவும். ஜீப் சக்கரம் ஒருமுறை சுற்றினால் வண்டி சுமார் 2.2 மீட்டர் போகிறது என்று வையுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏழரை தடவை சுற்றும். பின் அச்சின் பல் விகிதம் 5-க்குப் பக்கம் என்றால், ஷாஃப்ட் அதைப்போல் ஐந்து மடங்கு, நொடிக்கு 38 தடவை. ஆகவே சக்கரத்தில் கோளாறு இருந்தால் கைக்கு எண்ணும்படியான உதறல், பெரும்பாலும் ஸ்டீயரிங்கில். ஷாஃப்டில் கோளாறு இருந்தால் எண்ண முடியாத நடுக்கம், சீட்டிலும் தரையிலும். டயர் கடையில் காசு கொட்டிப் பாலன்ஸ் செய்துவிட்டு, நடுக்கம் போகவில்லை என்று புலம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கே நடுங்குகிறது என்பதை முதலில் கேளுங்கள்.

பாய் திரும்பி வந்ததும் குனிந்து ஒரு பார்வைதான் பார்த்தார். “காது ரெண்டும் ஒரே நேருல இல்லையே ஆச்சி.”

ஷாஃப்டின் இரண்டு முனையிலும் கிராஸைப் பிடித்திருக்கும் யோக்குகளுக்கு இரண்டிரண்டு காது. ஸ்லிப் ஜாயின்டைப் பிரித்துப் பூட்டும்போது பல் மாறிப் பூட்டினால், ஒரு முனையின் காது மறு முனையின் காதோடு நேராக நிற்காது. அதனால் என்ன என்று தோன்றும். சாய்வில் சுற்றும் கிராஸுக்கு ஒரு குணம் உண்டு. உள்ளே சீராக வரும் சுழற்சியை அது சீராக வெளியே தராது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். 10 டிகிரி சாய்வில் இது ஒன்றரை சதவீதம். 20 டிகிரியில் 6 சதவீதம். 30-ஐத் தொட்டால் 15 வரை போகும். 17-ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் இந்த இணைப்பை ஆராய்ந்த காலத்திலிருந்தே தெரிந்த விஷயம் இது. இதற்கு மருந்து இரண்டாவது கிராஸ். முதல் கிராஸ் முந்தும்போது இரண்டாவது பிந்தி ஈடுகட்டுகிறது. ஒரே உரலில் இரண்டு பேர் மாற்றி மாற்றி உலக்கை போடுவது மாதிரி. காதுகள் நேராக இருந்து, இரண்டு முனையின் சாய்வும் சமமாக இருந்தால்தான் அந்த ஈடு நடக்கும். பல் மாறிவிட்டால் இரண்டு உலக்கையும் இடிக்கும்.

பாய் பிரித்துச் சரியாகப் பூட்டினார். பிறகு சென்டர் பஞ்சை வைத்து, ஸ்லிப் ஜாயின்டின் இரண்டு பாதியிலும் நேருக்கு நேர் ஒரு புள்ளி அடித்தார். ஷாஃப்டை அச்சோடு போல்ட் போட்டு இணைக்கும் தட்டான ஃபிளாஞ்சிலும் அப்படியே. இனி யார் கழற்றினாலும் புள்ளியைப் பார்த்து மாட்டலாம். உங்கள் வண்டியில் புள்ளி இல்லை என்றால், கழற்றுவதற்கு முன் சாக்பீஸிலாவது ஒரு கோடு போடச் சொல்லுங்கள்.

என் தம்பி மகன் கோயம்புத்தூரில் இருக்கிறான். மலைப்பாதைகளுக்கு வண்டி ஓட்டிப் போவதில் பெரிய ஆசை. வண்டியை 4 அங்குலம் உயர்த்திவிட்டு எனக்குப் போட்டோ அனுப்பினான். இரண்டே மாதத்தில், “அத்தை, உங்க ஜீப் மாதிரியே என் வண்டியும் நடுங்குது” என்றான். சட்டம் உயர்ந்தால் ஷாஃப்டின் சாய்வு உயர்கிறது. குட்டை வண்டியில் பின் ஷாஃப்ட் ஏற்கெனவே நீளம் கம்மி, அதனால் சாய்வு இன்னும் சீக்கிரம் கூடும். மேலே சொன்ன சதவீதங்களைப் பாருங்கள், சாய்வு இருமடங்கானால் அதிர்வு நான்கு மடங்கை நெருங்குகிறது. உயர்த்தத்தான் வேண்டும் என்றால் அச்சின் முகத்தைத் திருப்ப ஆப்புத் தகடு, தேவைப்பட்டால் இரட்டைக் கிராஸ் வைத்த ஷாஃப்ட் என்று சேர்த்துத்தான் செலவுக் கணக்குப் போட வேண்டும். டயரையும் ஸ்பிரிங்கையும் மட்டும் விற்றுவிட்டு இதைச் சொல்லாமல் அனுப்புவது எனக்குப் பிடிக்கவில்லை.

அவன் வண்டி புதிது. முன் அச்சு ஒரே தண்டாக இல்லை, இரண்டு பக்கமும் தனித்தனி அரை ஷாஃப்ட், அதில் ரப்பர் பூட் (உறை) போட்ட சிவி ஜாயின்ட், கிராஸுக்குப் பதிலாக மடங்கும் இணைப்பு. அதன் பாஷை வேறு. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது ‘கட கட கட’ என்று வரும். பூட் கிழிந்து கிரீஸ் வெளியேறிய பிறகு வரும் சத்தம் அது, அப்போது பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். சக்கரத்தின் உள்பக்கம் கறுப்பாகக் கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தால், சத்தம் வருவதற்கு முன்பே பூட்டை மட்டும் மாற்றித் தப்பிக்கலாம். எங்கள் பக்கம் சீமைக்கருவேலம் வெட்டிய இடத்தில் கட்டைகள் ஈட்டி மாதிரி நிற்கும். அந்த வழியாக ஓட்டிய ஒவ்வொரு தடவையும் பூட்டைப் பார்த்துவிடு என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

நடுக்கம் என்றதும் எல்லாமே கோளாறு அல்ல என்பதையும் எழுத வேண்டும். கண்மாய்க்குள் இறங்கி ஏறினால் களிமண் ஷாஃப்டின் ஒரு பக்கமாக அப்பி, வெயிலில் ஓடு மாதிரி காய்ந்துவிடும். நொடிக்கு 38 சுற்றுச் சுற்றும் குழாயில் ஒரு கைப்பிடி மண் போதும், வண்டியை உலுக்க. கழுவினால் போய்விடும். இதற்காகவே நான் முதலில் கழுவாமல் யாரையும் கூப்பிடுவதில்லை. தை, மாசியில் சாலையில் உளுந்துச் செடியும் வைக்கோலும் பரப்பியிருப்பார்கள். அதன்மேல் ஏறிப் போனால் ஷாஃப்டில் கயிறு மாதிரி முறுக்கிச் சுற்றிக்கொள்ளும். அது ரப்பர் சீலைக் கிழிக்கும், சைலன்சர் சூட்டில் தீப்பிடிக்கவும் செய்யும். இறங்கி அறுத்து எடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். குழாயில் கல் அடித்து ஒடுக்கு விழுந்திருந்தால் அது வேறு. மெல்லிய குழாய் அது, ஒடுங்கிய இடத்தில் பலமும் போகும், சமநிலையும் போகும். தட்டி நிமிர்த்தி ஒட்டுப் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இன்னொரு கெட்ட பழக்கம், சேற்றிலிருந்து வெளியே வந்த பிறகும் நான்கு சக்கர லிவரை எடுக்காமல் தார்ச்சாலையில் ஓட்டுவது. திருப்பத்தில் முன் சக்கரங்கள் ஒரு தூரம் போகின்றன, பின் சக்கரங்கள் இன்னொரு தூரம். மண்ணில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். தாரில் வழுக்காது. அந்த முறுக்கு முழுவதும் இரண்டு ஷாஃப்டிலும் ஏறி உட்காரும். லிவர் எடுக்க வராமல் பிடித்துக்கொள்வது அதனால்தான். கொஞ்ச தூரம் நேராக ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு அவிழ்ந்து லிவர் கழலும்.

இப்போது நானும் அமாவாசைக்கு அமாவாசை படுக்கிறேன். அதே கோரைப்பாய். சமதரை, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை, கியர் நியூட்ரலில். ஷாஃப்டில் முறுக்கு ஏறியிருந்தால் கிராஸின் ஆட்டம் கைக்குத் தெரியாது, அதனால்தான் நியூட்ரல். ஒரு கையால் குழாய், மறு கையால் யோக். இரண்டையும் எதிரெதிராகத் திருகுகிறேன், பிறகு மேலும் கீழும் தள்ளுகிறேன். குழாயும் யோக்கும் சேர்ந்தே கொஞ்சம் திரும்பினால் அது அச்சுக்குள் பல்லுக்குப் பல் இருக்கும் இடைவெளி, பழைய வண்டியில் கொஞ்சம் இருக்கும். ஒன்று நின்று மற்றது மட்டும் அசைந்தால், அது நூலளவு என்றாலும், கிராஸ் போய்விட்டது. ஸ்லிப் ஜாயின்டில் மட்டும் மிகச் சிறிய ஆட்டத்தை அனுமதிக்கலாம். ஃபிளாஞ்ச் நட்டுகளை ஸ்பேனர் போட்டு ஒருமுறை இழுத்துப் பார்க்கிறேன். பின் அச்சில் ஷாஃப்ட் நுழையும் இடத்தில் ஆயில் கசிவு இருக்கிறதா என்று துணியால் துடைக்கிறேன். ஷாஃப்ட் நெடுநாள் நடுங்கினால் அந்த சீல் முதலில் போகும்.

கடைசியில் கிரீஸ். நிப்பிளில் (கிரீஸ் ஏற்றும் சின்ன முனை) கன்னை மாட்டி அடித்தால் பழைய கிரீஸ் கறுப்பாக வெளியே வரும், பிறகு புதியது. நான்கு கப்பிலும் வர வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால், அந்த ஒன்று பட்டினி கிடக்கிறது. உடைவது அங்கேதான். தண்ணீரில் இறங்கி வந்த அன்றைக்கு அமாவாசை வரைக்கும் காத்திருப்பதில்லை. சூடான ஜாயின்ட் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். அன்று மாலையே புதுக் கிரீஸ் அடித்துத் தண்ணீரை வெளியே தள்ளிவிடுகிறேன்.

போன அமாவாசை அன்று பின் ஷாஃப்ட் இரண்டு கிராஸும் சுத்தமாக இருந்தன. எட்டுக் கப்பிலும் புதுக் கிரீஸ் வந்தது. முன் ஷாஃப்டுக்குப் போனேன். ஹப் பூட்டியே இருப்பதால் லிவர் போடாவிட்டாலும் முன் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், தேய்ந்துகொண்டும் இருக்கும். பலரும் அதை மறந்துவிடுகிறார்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கத்துக் கிராஸ் நன்றாக இருந்தது. அச்சுப் பக்கத்தில் மூன்று கப்பில் கிரீஸ் வந்தது. நான்காவதில் வரவில்லை. நிப்பிளைக் கழற்றி டீசலில் ஊறவைத்துக் குத்தி மாட்டினேன். வண்டியை அரைச் சுற்று உருட்டி, மறுபடி கட்டை வைத்து, யோக்கை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு அடித்தேன். வரவில்லை. அந்தக் கப்பின் விளிம்பில் விரலை வைத்துத் தேய்த்தேன். நறநறப்பு இல்லை. குங்குமம் மாதிரி வழுக்கியது.

போனை எடுத்தேன். “பாய், முன் ஷாஃப்ட்டு, அச்சுப் பக்கம், நாலாவது கப்புல கிரீஸ் ஏறல. செவப்பு வந்துருச்சு.”

“ஆடுதா?”

“இன்னும் ஆடல.”

“நல்ல நேரத்துல பாத்திருக்கீங்க. காலைல வந்து கழட்டிர்றேன். கட்டைய எடுக்காம அப்படியே வையுங்க ஆச்சி.”